சிறைக்கோட்டம் கலைக்கோட்டம்

பூம்புகார் நகரில் ஒரு சிறைக்கோட்டம் இருந்தது. அமுதசுரபி என்னும் வற்றாத கலத்தைக் கையில் ஏந்திய மணிமேகலை ஒருநாள் அதனுள்ளே புகுந்தாள். பசியால் வாடிக் கிடந்த சிறையாளர் அனைவருக்கும் வயிறார உணவளித்தாள். ஒரே கலத்திலிருந்து அத்துணைப் பேருக்கும் உணவு சுரந்ததைக் கண்ட காவலர் வியந்து, மன்னனிடம் சென்று உரைத்தனர். மன்னன் அவளை அழைப்பித்து, அவள் விரும்புவது யாது என வினவினான். அவள் பொன் கேட்கவில்லை, பொருள் கேட்கவில்லை. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக ஆக்குதல் வேண்டும் என்று மட்டுமே கேட்டாள். மன்னனும் அதற்கு இசைந்தான். சிறைப்பட்டோர் விடுதலை பெற்றனர். தண்டனைக்கு உரியதாக இருந்த இடம் தருமத்துக்கு உரியதாயிற்று. சீத்தலைச் சாத்தனார் தம் காப்பியத்தில் இந்நிகழ்ச்சிக்கெனவே ஒரு காதையை ஒதுக்கியுள்ளார்.

மணிமேகலை வேண்டிய வரத்தை ஊன்றி நோக்குதல் வேண்டும். சிறையை இடித்துத் தரைமட்டமாக்குக என்று அவள் கேட்டாளில்லை. அதனைப் பூட்டிவைத்துப் பாழடையச் செய்க என்றும் கேட்டாளில்லை. இருக்கும் இடத்தை நல்வழியில் ஆள்க என்றே கேட்டாள். கல்லும் சுண்ணாம்பும் குற்றம் செய்வதில்லை. அவற்றை ஆளும் மக்களின் நோக்கமே நன்மையையும் தீமையையும் விளைக்கின்றது. பயன் முடிந்த பழைய சிறைகளை என் செய்வது என்னும் வினா இன்று பல நாடுகளில் எழுந்துள்ளது. அதற்குத் தக்க விடை தமிழ்க் காப்பியத்தில் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே கூறப்பட்டுள்ளது.

அவ்விடையை மெய்ப்பித்துக் காட்டிய இடங்களுள் ஒன்று ஆஸ்திரேலிய நாட்டின் சிட்னி நகரில் உள்ளது. ஆங்கு டார்லிங்ஹர்ஸ்ட் என்னும் பகுதியில், உயர்ந்த மதில் சூழ்ந்த மணற்கற் கட்டடத் தொகுதி ஒன்று நிற்கின்றது. அதுவே ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைப்பள்ளி. காலையில் தூரிகையும் களிமண்ணும் சுமந்து மாணவர்கள் புகுந்து செல்லும் அம்மதிலுக்குள்ளே, ஒரு காலத்தில் கையில் விலங்கு பூண்டவர்களே நடத்திச் செல்லப்பட்டனர்.

அம்மதிலை எழுப்பும் பணி 1822-இல் தொடங்கி 1824-இல் முடிந்தது. இங்கிலாந்திலிருந்து கடல் கடத்தி அனுப்பப்பட்ட கைதிகளே அதற்குக் கல் வெட்டினர், கல் சுமந்தனர், கல் அடுக்கினர். பிறரை அடைப்பதற்குரிய சுவரைத் தம் கையாலேயே எழுப்பும் கொடுமை அவர்களுக்கு நேர்ந்தது. தாம் செதுக்கிய கற்களில் அவர்கள் இட்ட சிறு சிறு அடையாளக் குறிகளை இன்றும் அச்சுவரிற் காணலாம். ஓவியம் தீட்டும் மாணவன் தன் படத்தின் மூலையில் பெயரெழுதி மகிழ்கின்றான். பெயரெழுதும் உரிமையற்ற கைதியோ ஒரு கோட்டையும் ஒரு வளைவையும் மட்டுமே கல்லில் விட்டுச் சென்றான். இரண்டும் உழைத்த கையின் சான்றுகளே. அவ்வாயிலுள் நுழையும் மாணவனுக்கு அக்குறிகளே முதற்பாடமாகத் தக்கவை.

1841-இல் கைதிகள் அச்சிறைக்குக் கொண்டுவரப்பட்டனர். நடுவே வட்டவடிவான வழிபாட்டு மண்டபம். அதனைச் சுற்றிச் சக்கரத்தின் ஆரங்கள் போலப் பரந்து செல்லும் சிறைப்பகுதிகள். இவ்வாறு அக்கட்டடம் அமைந்தது. 1885 வரையிலும் அது சிறிது சிறிதாக வளர்ந்துவந்தது. எழுபதுக்கும் மேற்பட்டோர் அங்குத் தூக்கிலிடப்பட்டனர். ஆஸ்திரேலிய மக்கள் போற்றும் எழுத்தாளரான ஹென்றி லாசன், குடும்பத்தாருக்குச் செலுத்த வேண்டிய வாழ்வுப்பணத்தைச் செலுத்தாமை, குடிவெறி ஆகிய குற்றங்களுக்காக 1905-க்கும் 1909-க்கும் இடையே பன்முறை அங்கு அடைபட்டார். அரைவயிற்று உணவோடு கிடந்த அவர், அச்சிறையின் பெயரையே பட்டினிக்கு உரிய பெயராகத் திரித்து எள்ளினார். 1966-இல் அந்நாடு வெளியிட்ட பத்து டாலர் நாணயத்தாளில் அவருடைய உருவம் பொறிக்கப்பட்டது. சிறையில் எண்ணாக வழங்கிய மனிதர் நாட்டின் செல்வத்தில் முகமாக விளங்கினார்!

1914-இல் அச்சிறை மூடப்பட்டது. முதல் உலகப்போர்க் காலத்தில் பகைநாட்டினர் எனக் கருதப்பட்டோரை அடைத்துவைக்க அவ்விடம் பயன்பட்டது. போருக்குப் பின்னர் அது கல்வித்துறையின் கைக்கு மாறி, 1922-இல் தொழில்நுட்பக் கல்லூரியாகத் திறக்கப்பட்டது. ஓவியமும் சிற்பமும் அங்கே கற்பிக்கப்பட்டன. 1923-இல் சிட்னிக்கு வந்த ரெய்னர் ஹாஃப் என்னும் சிற்பி அங்கு ஆசிரியராக அமர்ந்து, தாமும் சிற்பம் செய்து, மாணவரையும் பழக்கினார். சிட்னி நகரின் போர் நினைவு மண்டபத்தை அணிசெய்யும் சிற்பங்கள் அவர் படைத்தவை. பெண்கள் அடைபட்டிருந்த பகுதி பின்னாளில் ஆடலும் பாடலும் நிகழும் அரங்கமாயிற்று. 1996-இல் கலைப்பள்ளி தனி நிறுவனமாகப் பிரிந்தது. தாழ்ப்பாள் ஒலித்த இடத்தில் உளியோசை ஒலிக்கின்றது. காவலன் உலவிய வழியில் மாணவன் உலவுகின்றான்.

இத்தகைய மாற்றத்தை எல்லோரும் ஏற்பதில்லை. சிறை என்பது ஒரு சமுதாயத்தின் வெட்கம். வெட்கத்தின் சின்னத்தை ஏன் காத்துவைத்தல் வேண்டும், இடித்தெறிந்து புதியது கட்டலாகாதா என்று வினவுவோர் உளர். அவர்கள் கூற்றிலும் ஓரளவு உண்மை உண்டு. வாழும் மக்களுக்கு இடம் வேண்டும், மருத்துவமனை வேண்டும், சாலை வேண்டும். ஆயினும் சுவரை இடிப்பதனால் நிகழ்ந்தது நிகழாததாகிவிடாது. குற்றத்தின் சாட்சியை அழிப்பதனால் குற்றம் அழிவதில்லை, சாட்சிதான் அழிகின்றது.

சென்னை மத்தியச் சிறையின் வரலாறு இதற்கு எடுத்துக்காட்டாகும். 1837-இல் தோன்றிய அச்சிறை, நாட்டு விடுதலைக்கும் மொழிக்கும் கொள்கைக்கும் போராடிய பலரை அடைத்துவைத்தது. 2006-இல் அங்கிருந்த கைதிகள் புழலுக்கு மாற்றப்பட்டனர். 2009-இல் பழைய கட்டடம் இடிக்கப்பட்டது. இடிக்கப்படுமுன் பொதுமக்கள் பார்ப்பதற்காக அதன் கதவுகள் திறந்துவிடப்பட்டன. தலைவர்கள் இருந்த அறைகளைக் காண மக்கள் திரண்டு சென்றனர். பின்னர் அந்நிலத்தில் மருத்துவக் கல்லூரியின் கட்டடம் எழுந்தது. நோய் தீர்க்கும் கல்வி உயர்ந்த அறமே; அதனைக் குறைகூற ஒருவராலும் இயலாது. எனினும், பழைய அறைகளுள் ஒரு வரிசையையேனும் விட்டுவைத்திருந்தால், நாளை மருத்துவராகப் போகும் இளைஞர் தாம் நடக்கும் மண்ணின் வரலாற்றை நாள்தோறும் கண்டிருப்பர் அன்றோ?

இன்னொரு சாரார் இதற்கு நேர்மாறாக உரைப்பர். துன்புற்றோர் கண்ணீர் சிந்திய இடம் புனிதமானது. அங்கே வண்ணம் குழைப்பதும் பாட்டிசைப்பதும் அத்துன்பத்தை இகழ்வதாகும் என்பது அவர்கள் கருத்து. இதனை எளிதில் தள்ளிவிடலாகாது. அந்தமான் தீவில் 1906-இல் கட்டிமுடிக்கப்பட்ட சிற்றறைச் சிறையும், நடுவே ஒரு கோபுரமும் அதிலிருந்து பிரியும் ஏழு கிளைகளுமாக, டார்லிங்ஹர்ஸ்ட் சிறையைப் போலவே ஆரவடிவில் அமைந்தது. அக்கிளைகளுள் மூன்றே இன்று எஞ்சியுள்ளன. 1979-இல் அது நாட்டின் நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. விடுதலைக்காக எண்ணற்றோர் உடலும் உயிரும் தேய்ந்த அவ்விடம் நினைவிடமாகவே நிலைத்தல் முறை. எல்லாச் சிறைக்கும் ஒரே விதி கூறுதல் அறிவுடைமை ஆகாது.

ஆனால் ஒவ்வொரு சிறையையும் நினைவிடமாக்கிப் பூட்டிவைத்தால், ஆண்டுக்கொருமுறை மாலை சூட்டும் நாளில் மட்டுமே அதன் கதவு திறக்கும். எஞ்சிய நாட்களில் வௌவால்களே அதற்கு வாரிசாகும். கலையும் நினைவும் பகையல்ல என்பதற்குக் கோவாவில் ஒரு சான்று உண்டு. மாண்டவி ஆற்றின் கரையில், 1551-இல் போர்ச்சுக்கீசியர் கட்டிய ரெய்ஸ் மாகோஸ் கோட்டை பிற்காலத்தில் சிறையாகி, 1993 வரை அவ்வாறே இருந்தது. பழுதுபார்க்கப்பட்ட அக்கோட்டை 2012-இல் பண்பாட்டு மையமாகத் திறக்கப்பட்டது. ஓவியர் மரியோ மிராண்டா தீட்டிய நகைச்சுவை ததும்பும் கோட்டோவியங்கள் ஒருபுறம். கோவாவின் விடுதலைப் போராட்ட வரலாறு மற்றொருபுறம். ஒரே கூரையின்கீழ்ச் சிரிப்பும் தியாகமும் ஒன்றையொன்று மறைக்காமல் வாழ்கின்றன.

கலையைச் சிறைக்குப் புறம்பானது என எண்ணுதலே பிழை. சிறைக்குள் பிறந்த எழுத்துகள் பல. கோவைச் சிறையில் செக்கிழுத்த வ.உ. சிதம்பரனார், சிறைவாழ்க்கையின் இடையிலேயே ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கில ஆசிரியரின் அறநூலை ‘மனம்போல வாழ்வு’ என்று தமிழாக்கினார். பகலெல்லாம் மாடுபோல் உழைத்த உடம்பு ஓய்வை விரும்பியிருக்கும். உள்ளமோ தமிழை விரும்பிற்று. இராசாசி வேலூர்ச் சிறையில் நாட்குறிப்பு எழுதினார். நேரு அகமதுநகர்க் கோட்டையில் அடைபட்டிருந்தபோது இந்திய வரலாற்றை ஆராய்ந்து பெருநூல் இயற்றினார். அடைக்கப்பட்ட உள்ளம் முதலில் தேடுவது சொல்லையும் கோட்டையும் ஓசையையுமே. ஆதலின் சிறை கலைப்பள்ளியாகும்போது அங்கே அயலான் ஒருவன் குடிபுகுவதில்லை; ஒளிந்து வாழ்ந்தவன் உரிமை பெறுகின்றான்.

இவற்றையெல்லாம் நெய்வேலி நகரியத்தில் வாழும் மாணவர் தமக்கு எட்டாத செய்திகள் எனக் கருத வேண்டுவதில்லை. நெய்வேலியின் மாவட்டத் தலைநகரான கடலூரின் பெயர் சிறை வரலாற்றில் ஆழப் பதிந்தது. புதுச்சேரியில் பத்தாண்டு கழித்த பாரதியார், 1918-ஆம் ஆண்டு நவம்பர் 20-ஆம் நாள் ஆங்கில ஆட்சியின் எல்லைக்குள் கால்வைத்தபோது கைது செய்யப்பட்டார். டிசம்பர் 14-ஆம் நாள் விடுதலை பெறும்வரை கடலூர்ச் சிறையில் இருந்தார். தமிழுக்குப் புதிய உயிர் ஊட்டிய கவிஞர் இருந்த சிறை, நெய்வேலியிலிருந்து சில மணி நேரத்தில் சென்றுவரக்கூடிய ஊரில் உள்ளது. கடலூர் மத்தியச் சிறை இன்றும் சிறையாகவே இயங்குகின்றது. என்றேனும் அது வேறிடம் பெயருமாயின் அதன் சுவர்களுக்கு என்ன நேரும் என்பதை முடிவு செய்யும் பொறுப்பு, இன்று பள்ளியில் இருப்போர்மீதே விழும்.

நெய்வேலி மண்ணே இடத்தின் பயன் மாறும் விந்தைக்குப் பெரியதோர் எடுத்துக்காட்டு. 1935-ஐ ஒட்டி, சம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் ஒன்று நீரோடு வெளிப்பட்டது. பயிருக்கு உதவாத மண் என்று அதனை ஒதுக்கியிருக்கலாம். ஒதுக்காமல் ஆராய்ந்தமையால் பழுப்பு நிலக்கரி என்று தெரிந்தது. 1956-இல் நிறுவனம் தோன்றியது. 1957 மே 20-ஆம் நாள் நேரு சுரங்கப்பணியைத் தொடங்கிவைத்தார். 1961-இல் நிலக்கரிப் படுகை கண்ணுக்குத் தெரிந்தது. 1962-இல் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அப்படுகைக்கு மேலேயே வெண்களிமண்ணும் கிடைத்தது. கரிய மண் விளக்காயிற்று; வெண்மண் வனைவோர் கைக்கு உரியதாயிற்று. அண்மையிலுள்ள விருத்தாசலம் பீங்கான் தொழிலால் பெயர்பெற்றதும் மண்ணும் கையும் கூடியதனாலேதான்.

நிலக்கரி எடுக்கப்பட்ட பள்ளங்கள் மீண்டும் மேல்மண்ணால் நிரப்பப்படுகின்றன. அங்கே மரங்கள் நடப்படுகின்றன. ஒருமுறை அகழ்ந்த நிலம் என்றும் புண்ணாகவே கிடத்தல் வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. ஆனால் அம்மரங்களின் நிழலில் மறக்கத்தகாத ஒன்றுண்டு. அந்நிலத்தில் முன்னர் ஊர்கள் இருந்தன, வயல்கள் இருந்தன, உழுதோர் இருந்தனர். அவர்கள் விட்டுக்கொடுத்த மண்மீதே மின்விளக்குகள் எரிகின்றன. கல்லில் குறியிட்ட கைதியைப்போல அவர்களும் பெயரறியாதோராய் மறைந்துவிடலாகாது. பழைய ஊர்ப்பெயர்களைச் சொல்லிக்கொடுக்கும் பாட்டியும், அவற்றைக் கேட்டு எழுதிவைக்கும் பேரனும் அந்நிலத்துக்கு மரத்தைவிடப் பெரிய நிழலாவர்.

அரை நூற்றாண்டுக்கும் மேலாக உழைத்த நெய்வேலி முதல் அனல்மின் நிலையம் 2020-இல் ஓய்வு பெற்றது. பணி முடித்த ஆலைகளுக்கும் பணி முடித்த சிறைகளுக்கும் எழும் வினா ஒன்றே. இலண்டன் மாநகரில் தேம்ஸ் ஆற்றங்கரையில் இருந்த பேங்க்சைடு மின்நிலையம் 1981-இல் மூடப்பட்டது. அதனை இடிக்காமல் திருத்தியமைத்து, 2000-ஆம் ஆண்டில் டேட் மாடர்ன் என்னும் கலைக்கூடமாகத் திறந்தனர். மின்னாக்கிப் பொறிகள் முழங்கிய பெருங்கூடத்தில் இன்று சிற்பங்களைக் காண மக்கள் கூடுகின்றனர். நெய்வேலி போன்ற உழைப்பாளர் நகரங்களில் ஓய்வுபெறும் நிலையங்களுள் ஒரு கூடத்தையோ ஒரு பொறியையோ காத்து, அதனருகே இளைஞர் வரையவும் வனையவும் ஒரு பள்ளி அமைத்தல் கனவன்று, செய்யத்தக்க செயலே.

தொழில் நகரத்துக்குக் கலைப்பள்ளி எதற்கு என்று எவரேனும் கேட்பின், சென்னை மெரினாக் கடற்கரையில் நிற்கும் உழைப்பாளர் சிலையைச் சுட்டிக் காட்டலாம். பாறையை நெம்பித் தள்ளும் நால்வரின் நரம்பும் தசையும் திரண்டு நிற்கும் அச்சிலையைப் படைத்தவர், சென்னைக் கலைப்பள்ளியின் முதல் இந்திய முதல்வரான தேவிபிரசாத் ராய் சௌத்ரி. அப்பள்ளியைத் தோற்றுவித்தவர் அலெக்சாந்தர் ஹண்டர் என்னும் மருத்துவர். தோன்றிய ஆண்டு 1850. சுரங்கத் தொழிலாளி தன் உழைப்பின் பெருமையைத் தானே எடுத்துரைப்பதில்லை. அதனை உலகுக்குக் காட்டும் கண் கலைஞனுடையது. உழைப்பு ஊருக்கு ஒளி தருகின்றது. கலை அவ்வுழைப்பின்மீதே ஒளி பாய்ச்சுகின்றது.

பழைய சிறையைக் கலைப்பள்ளியாக்குவோர் கவனிக்க வேண்டியவை சில உள. ஓவியனுக்கு வெளிச்சம் வேண்டும். சிறைக்கூடமோ வெளிச்சத்தைத் தடுப்பதற்கென்றே கட்டப்பட்டது. ஆகவே சாளரங்களைத் திறத்தல் வேண்டும். ஆனால் சுவரின் பழைய தோற்றம் சிதைதலாகாது. சிற்றறைகள் வகுப்புக்குப் போதா. தனித்துப் பயில்வோர்க்கும் பொருள்களை வைப்பதற்கும் அவை ஏற்றவை. உயர்ந்த மதில் தெருவின் இரைச்சலைத் தடுக்கும். பண்டு குற்றமாக இருந்த தனிமை பயில்வோர்க்குக் குணமாக மாறும். எல்லாவற்றினும் இன்றியமையாதது ஒன்று: ஓர் அறையையேனும் வண்ணம் பூசாமல், திருத்தாமல், இருந்தவாறே விட்டுவைத்தல் வேண்டும். அவ்வறையின் இருளைக் கண்டவனுக்கே வெளியிலுள்ள ஒளியின் அருமை விளங்கும். துயரத்தை மறைத்துச் செய்யும் அழகு வெறும் பூச்சு. துயரத்தை அறிந்து செய்யும் அழகே கலை.

நெய்வேலிக்கு அருகிலுள்ள வடலூரில், 1867-இல் வள்ளலார் ஏற்றிய தருமச்சாலையின் அடுப்பு இன்றும் அணையாமல் எரிகின்றது. பசித்து வருவோர்க்கு உணவளிக்கின்றது. மணிமேகலை கேட்ட அறக்கோட்டமும் அத்தகையதே. வயிற்றுப் பசி தீர்ந்தபின் மனிதனுக்கு மற்றொரு பசி எழுகின்றது. தான் கண்டதை உருவாக்கவும், உணர்ந்ததை உணர்த்தவும் எழும் பசி அது. அப்பசிக்கு உணவிடும் சாலையே கலைப்பள்ளி. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கக் கேட்டவள் ஒரு பெண். ஆக்கியவன் ஒரு மன்னன். மன்னர் ஆட்சி மறைந்து மக்களாட்சி மலர்ந்த இக்காலத்தில், கேட்கும் உரிமையும் ஆக்கும் கடமையும் குடிமக்களிடமே உள்ளன. இடிக்கத் தோன்றும் சுவர் ஒன்றைக் காணும்போது, அதனுள் இன்னும் எத்தனை பேர் கற்கலாம் என்று எண்ணும் தலைமுறை எழுமாயின், கல்லில் குறி மட்டும் இட்டுச் சென்ற பெயரறியாக் கைகளும் பெருமை பெறும்.